ஏசான் வாய் திறக்கவில்லை என்றால் புரோகிராம் சுத்தமா?

கேள்வி: சி++-இல் எழுதிய ஒரு லினக்ஸ் சர்வர் புரோகிராமைச் சிறு குழுவாகப் பராமரித்து வருகிறோம். மெயின் பைனரி ஒன்று, ஓடும்போது அதற்குள் ஏற்றப்படும் பிளகின் லைப்ரரிகள் பல. வாரத்தில் ஒன்றிரண்டு முறை செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) அடித்து விழுகிறது. விழுந்த நேரத்து மெமரியின் நகலான கோர் டம்பைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம், பெரும்பாலும் மெமரி வாங்கும் மாலக் அல்லது அதைத் திருப்பித் தரும் ஃப்ரீக்கு உள்ளே. ஜிசிசி கம்பைலரில் அட்ரஸ் சானிடைசர் (சுருக்கமாக ஏசான், மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்டுப் பிளகின்களை மட்டும் கம்பைல் செய்தேன். 'ஏசான் ரன்டைம் லைப்ரரி வரிசையில் முதலில் வரவில்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. தேடிப் பார்த்து ஒரு ஆப்ஷன் கொடுத்து அந்தச் சோதனையையே அணைத்துவிட்டேன். அப்புறம் சில தடவை 'டெட்லி சிக்னல்' என்று வரிவரியாகக் கொட்டியது, சில தடவை ஒழுங்காக ஓடியது. ஓடியபோது நாள் முழுக்க விட்டும் ஒரு பிழையும் சொல்லவில்லை. இன்னொரு மெமரிச் சோதனைக் கருவியான வால்கிரைண்டில் போட்டால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று தொடக்கத்திலேயே செத்துவிடுகிறது. பழைய மெஷின் ஒன்றில் கம்பைல் செய்து ஓட்டினால் ஓடுகிறது, ஆனால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கைகள். 'எல்லா எச்சரிக்கையையும் காட்டாம சப்ரஸ் பண்ணிடு, முடியலன்னா அந்த வரிகளையே எடுத்துடு' என்கிறார் சீனியர். கருவி தப்பா, எங்கள் கோடு தப்பா?

பதில்: உங்கள் கோடுதான் தப்பு. கிராஷ் மாலக்குக்குள்ளும் ஃப்ரீக்குள்ளும் விழுகிறது, இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் யாரோ எப்போதோ தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதற்கு வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த அப்பாவி ஃபங்ஷன் அடி வாங்குகிறது. சி லைப்ரரியான ஜிலிப்சியின் மாலக்கில் பிழை இருக்கும் என்று தேடிப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் அதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் இன்னும் அட்ரஸ் சானிடைசரை ஒரு தடவைகூட முழுமையாக ஓட்டவில்லை. அது மௌனமாக இருந்ததற்குக் காரணம் பிழை இல்லாததல்ல, அதன் கண்ணைக் கட்டிவிட்டு ஓட்டியதுதான். நாள் முழுக்க ஓட்டிய அந்த ஓட்டத்தை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஏசான் இரண்டு பாதியாக வேலை செய்கிறது. ஒரு பாதி கம்பைலர் போடுவது: ஒவ்வொரு மெமரி வாசிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் 'இந்த முகவரியைத் தொடலாமா' என்று கேட்கும் சில இன்ஸ்ட்ரக்ஷன்களை நுழைத்துவிடும். இன்னொரு பாதி ரன்டைம் லைப்ரரி: அது மாலக், ஃப்ரீ, நியூ, டிலீட் எல்லாவற்றையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, நீங்கள் கேட்கும் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் தொடக்கூடாத ஒரு வேலியைப் போட்டுக் கொடுக்கும். இந்த இரண்டாவது பாதி வேலை செய்ய வேண்டுமானால், மாலக் எங்கே இருக்கிறது என்று, லைப்ரரிகளை ஏற்றும் லோடர் தேடும்போது ஏசானின் மாலக்தான் முதலில் கண்ணில் பட வேண்டும். நீங்கள் பிளகின்களை மட்டும் ஏசானோடு கம்பைல் செய்தீர்கள். மெயின் பைனரி சாதாரணமாகக் கிளம்பி, ஜிலிப்சியின் மாலக்கைப் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் பிளகினை ஏற்றுகிறது. அந்த நேரத்தில் உள்ளே வரும் ஏசான் ரன்டைம் 'நான் முதலில் வரவில்லை' என்று சொன்னது நியாயமான புகார். அதை 'வெரிஃபை_ஏசான்_லிங்க்_ஆர்டர்' ஆப்ஷனைப் பூஜ்யமாக்கி வாயடைத்தீர்கள் அல்லவா, அதன்பின் ஓடிய புரோகிராமில் ஹீப்புக்கு (மாலக் கொடுக்கும் மெமரிக்கு) வேலியே கிடையாது. பிளகின் கோடு ஒவ்வொரு தடவையும் 'தொடலாமா' என்று கேட்டிருக்கும், யாரும் எதையும் தடை செய்யாததால் எல்லாவற்றுக்கும் 'தொடலாம்' என்றே பதில் வந்திருக்கும். பிளகினுக்குள் இருக்கும் ஸ்டாக், குளோபல் அர்ரேக்களை மட்டும் ஏதோ பார்த்திருக்கும், அவ்வளவுதான்.

சரியான வழி, மெயின் பைனரியையும் அதே கம்பைலரில், அதே '-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்' ஃபிளாகோடு மறுபடி கட்டுவது. கம்பைல் செய்யும்போதும் சரி, லிங்க் செய்யும்போதும் சரி, இரண்டு இடத்திலும் ஃபிளாக் போக வேண்டும். லிங்க் கட்டத்தில் விட்டுப்போனால் ஏசான் ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று லிங்கர் கத்தும், அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். கம்பைல் கட்டத்தில் சில ஃபைல்களுக்கு மட்டும் விட்டுப்போனால் யாரும் கத்த மாட்டார்கள், அதுதான் ஆபத்து. முழுசாக '-ஸ்டாடிக்' போட்டு லிங்க் செய்யும் பழக்கம் இருந்தால் இந்த பில்டில் அதை விட்டுவிடுங்கள், ஏசான் அதோடு ஒத்துப்போகாது. வழக்கமான மாலக்குக்குப் பதிலாக ஜெமாலக், டிசிமாலக் மாதிரி வேறு அலகேட்டர் எதையாவது இணைத்திருந்தால் அதையும் இந்த பில்டில் கழற்றி வையுங்கள். ஆப்டிமைசேஷன் '-ஓ1' போதும், கூடவே '-ஜி', ஃப்ரேம் பாயிண்டரைத் தூக்கிவிடாதே என்று சொல்லும் ஃபிளாக். இதற்கென்று தனி பில்ட் டைரக்டரி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களோடு கலந்து கட்டினால் எது கண்காணிப்பில் இருக்கிறது, எது இல்லை என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

மெயின் பைனரியை மறுபடி கட்டவே முடியாது, அது வேறு யாரோ கொடுத்தது என்றால் 'எல்டி_ப்ரீலோட்' வழி இருக்கிறது, சொன்ன லைப்ரரியை மற்ற லைப்ரரிகளுக்கு முன்னால் ஏற்றும். ஜிசிசியிடமே லிப்ஏசான் ஃபைல் எங்கே இருக்கிறது என்று '-ப்ரின்ட்-ஃபைல்-நேம்' கொடுத்துக் கேட்டு, அந்தப் பாதையை அப்படியே போடுங்கள். பிளகினைக் கட்டிய அதே ஜிசிசி பதிப்பாக இருக்க வேண்டும். ஆனால் இதை ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்துவிடாதீர்கள், பாஷ் முதற்கொண்டு நீங்கள் தட்டும் ஒவ்வொரு கமாண்டும் ஏசானோடு கிளம்பி, பாஷின் லீக்குகளை (திருப்பித் தராத மெமரியை) எல்லாம் உங்களுக்குப் பட்டியல் போடும். சர்வரைத் தொடங்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் போடுங்கள். ஜிடிபி டீபக்கருக்குள் ஓட்டுவதாக இருந்தால் 'எக்ஸெக்-ராப்பர்' என்னும் அமைப்பு வழியாகக் கொடுத்தால் ஜிடிபியைத் தொடாமல் உங்கள் புரோகிராமுக்கு மட்டும் போகும்.

இதெல்லாம் முடிந்ததும், உண்மையான பிழையைத் தேடுவதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். தெரிந்தே ஒரு பிழையை வையுங்கள். எலக்ட்ரீஷியன் ஒயரில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பதற்கு முன்னால், டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற இன்னொரு பிளக்கில் செருகி அது எரிகிறதா என்று பார்ப்பார் இல்லையா, அதே வேலைதான். பத்து இன்ட் கொண்ட ஒரு ஹீப் அர்ரே எடுத்து, பத்தாம் இன்டெக்ஸைத் தொடுங்கள். இன்டெக்ஸை வாலடைல் ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 'இந்த மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை' என்று ஆப்டிமைசர் பிழையையே அழித்துவிடும், நீங்கள் கருவி வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். இதை மெயினில் ஒரு இடம், ஒவ்வொரு பிளகினிலும் ஒரு இடம் என்று வைத்து, ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் மட்டும் ஓடும்படி செய்யுங்கள். எங்கெல்லாம் ஏசான் கத்துகிறதோ அங்கெல்லாம் அது விழித்திருக்கிறது, கத்தாத இடத்தில் பில்ட் ஸ்கிரிப்டைப் போய்ப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் 'ஏசான் சுத்தம் என்று சொல்லிவிட்டது' என்று யார் சொன்னாலும் நான் காது கொடுப்பதில்லை.

அந்தப் பரிசோதனை அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அதைப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. உங்கள் புரோகிராமின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஏசான் 1 பைட் நிழல் மெமரி வைத்துக்கொள்கிறது. அந்த ஒரு பைட் 00 என்றால் எட்டையும் தொடலாம். 1 முதல் 7 வரை ஒரு எண் இருந்தால் அத்தனை பைட்டை மட்டும் தொடலாம். எஃப்ஏ என்றால் ஹீப் வேலி, எஃப்டி என்றால் ஃப்ரீ செய்யப்பட்ட இடம், எஃப்1-உம் எஃப்3-உம் ஸ்டாக்கின் இரண்டு பக்க வேலிகள், எஃப்9 குளோபல் வேலி. 13 பைட் மாலக் செய்து பதிமூன்றாம் இன்டெக்ஸைத் தொட்டால், அறிக்கையின் கடைசியில் வரும் கட்டத்தில் 00, அடுத்து சதுர அடைப்புக்குள் 05, அதற்கப்புறம் வரிசையாக எஃப்ஏ என்று பார்ப்பீர்கள். எட்டு முழுசு, அடுத்த எட்டில் ஐந்து மட்டும் உங்களுடையது, ஆறாவதில் கை வைத்தீர்கள் என்று அர்த்தம். மேலே வரும் ஸ்டாக் ட்ரேஸ்களில் எல்லோரும் முதலாவதை மட்டும் படிப்பார்கள். ஃப்ரீ செய்தபின் தொட்ட வழக்கில் எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், அதாவது யார் ஃப்ரீ செய்தது என்பது. தொட்டவர் பெரும்பாலும் நியாயமாகத்தான் தொட்டிருப்பார், ஃப்ரீ செய்தவர்தான் அவசரப்பட்டிருப்பார்.

ட்ரேஸில் ஃபங்ஷன் பெயருக்குப் பதில் வெறும் முகவரி எண்கள் வந்தால் '-ஜி' விட்டுப்போயிருக்கிறது, அல்லது பைனரி பெயர்கள் நீக்கப்பட்டு ஸ்ட்ரிப் ஆகியிருக்கிறது. கிளாங் கம்பைலர் என்றால் எல்எல்விஎம்-சிம்பலைசர் பாதையில் இருக்கிறதா பாருங்கள். லீக் அறிக்கையில் மட்டும் 'தெரியாத மாட்யூல்' என்று வந்தால், அறிக்கை எழுதும் நேரத்துக்குள் உங்கள் புரோகிராம் பிளகினை டிஎல்குளோஸ் செய்து வெளியே அனுப்பிவிட்டது. இந்த பில்டில் மட்டும் டிஎல்குளோஸைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது அந்த டெட்லி சிக்னல். ஒரு தடவை வருகிறது, இன்னொரு தடவை வரவில்லை, அதுவும் மெயின் ஃபங்ஷனுக்குள் நுழைவதற்கு முன்பே வருகிறது என்றால், அது உங்கள் பிழையும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. நிழல் மெமரிக்காக ஏசான் முகவரி வெளியில் ஒரு பெரிய பகுதியைக் குறிப்பிட்ட இடத்தில் ஒதுக்கிக்கொள்கிறது. கர்னலோ பாதுகாப்புக்காக லைப்ரரிகளை ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகவரியில் போடுகிறது. எத்தனை பிட் அளவுக்கு அதைக் கலைத்துப் போடலாம் என்பதற்கு 'விஎம்.எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸ்' என்று ஒரு கர்னல் அமைப்பு இருக்கிறது. 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் அது வெகுகாலம் 28-ஆக இருந்தது, உபுண்டுவின் புதிய கர்னல்களில் 32-ஆக உயர்த்தினார்கள். அவ்வளவு தூரம் கலைத்துப் போட்டால், சில ஓட்டங்களில் ஒரு லைப்ரரி போய் ஏசான் எதிர்பார்க்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ரன்டைம் தன் வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் விழுந்து, விழுந்ததைச் சொல்லப் போய் மறுபடி விழுந்து, டெர்மினல் முழுக்க அந்த ஒரே வரி ஓடும். 2024 மார்ச்சில் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் எத்தனையோ பேருடைய சானிடைசர் சோதனைகள் திடீரென்று காரணம் புரியாமல் உடைந்தது இதனால்தான். த்ரெட் மோதல்களைத் தேடும் த்ரெட் சானிடைசரில் இதே கோளாறு 'எதிர்பாராத மெமரி மேப்பிங்' என்ற வேறு முகத்தோடு வரும்.

சிஸ்கன்ட்ரோல் கமாண்டில் அந்த மதிப்பை 28 ஆக்குங்கள், அல்லது அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் 'செட்ஆர்ச் -ஆர்' போட்டு ஓட்டுங்கள், நின்றுவிடும். கிளாங்கின் தாய்த்திட்டமான எல்எல்விஎம்மின் புதிய பதிப்புகள் இந்த நிலையைத் தாமே கண்டுகொண்டு, கலைத்துப் போடுவதை அணைத்துவிட்டுத் தம்மையே மறுபடி தொடங்கிக்கொள்கின்றன, அதனால் கம்பைலரை மேம்படுத்துவதும் ஒரு வழி. டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டுகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். கர்னல் அமைப்பு ஹோஸ்ட் மெஷினுடையது, கன்டெய்னருக்குள் உட்கார்ந்து மாற்ற முடியாது. செட்ஆர்ச்சையும் டாக்கரின் இயல்பான செக்காம்ப் (சிஸ்டம் கால்களை வடிகட்டும்) விதிகள் தடுத்துவிடும். கன்டெய்னரில் இன்னொரு தொல்லையும் சேர்ந்து வரும்: ஏசானோடு வரும் லீக் சானிடைசர் தன் கடைசிச் சோதனைக்கு, ஒரு புராசஸ் இன்னொன்றைக் கண்காணிக்கும் பிட்ரேஸ் வசதியைப் பயன்படுத்துகிறது, அந்த அனுமதி இல்லாவிட்டால் முடிவில் ஒரு பெரிய பிழைச் செய்தியோடு விழும். 'சிஸ்_பிட்ரேஸ்' அனுமதி கொடுத்து கன்டெய்னரைத் தொடங்குங்கள். ஜிடிபி, எஸ்ட்ரேஸ் இவற்றுக்குக் கீழே ஓட்டும்போதும் இதே கதைதான், அப்போது லீக் சோதனையை மட்டும் அணைத்தால் போதும். லீக் உங்களைக் கொல்லவில்லை, இப்போதைக்கு அதை மறந்துவிடலாம். 'யூலிமிட் -வி' போட்டு மெமரிக்கு உச்சவரம்பு வைத்திருந்தாலும் ஏசான் கிளம்பாது. அது கேட்பது டெராபைட் கணக்கில் வெறும் முகவரி வெளி, உண்மையான ராம் இல்லை, பயப்பட வேண்டாம்.

சரி, எல்லாம் ஒழுங்காகி, வைத்த பிழையையெல்லாம் பிடித்து, உண்மையான லோடில் ஓடும்போது மறுபடியும் மௌனம் என்றால்? முதலில் சர்வர் எத்தனை முறை ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று, சர்வரைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியின் லாகில் பாருங்கள். ஏசான் முதல் பிழையிலேயே அறிக்கையை ஸ்டாண்டர்ட் எரரில் எழுதிவிட்டு 1 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறிவிடும், கோர் டம்ப் விடாது. உங்கள் சர்வர் டீமனாகப் போகும்போது ஸ்டாண்டர்ட் எரரை, எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்நல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தால் அறிக்கை அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கும், சிஸ்டம்டி அமைதியாக மறுபடி தொடங்கியிருக்கும், நீங்கள் 'ஒன்றும் சொல்லவில்லையே' என்று உட்கார்ந்திருப்பீர்கள். 'லாக்_பாத்' ஆப்ஷனைக் கொடுத்து அறிக்கையை ஃபைலுக்கு அனுப்புங்கள். கோரும் வேண்டுமானால் 'அபார்ட்_ஆன்_எரர்' போட்டு, கோர் டம்பை அணைக்கும் ஆப்ஷனைப் பூஜ்யமாக்குங்கள்.

ரீஸ்டார்ட்டும் இல்லை, அறிக்கையும் இல்லை என்றால் இனி நான் சொல்வது என் ஊகம், ஆனால் உங்கள் மாதிரி சர்வர்களில் இந்த இரண்டில்தான் முதலில் தேடுவேன். ஃப்ரீ செய்த மெமரியை ஏசான் உடனே திருப்பிக் கொடுப்பதில்லை, ஒரு தனி இடத்தில் ஒதுக்கி வைத்து, யாராவது தொடுகிறார்களா என்று காத்திருக்கும். க்வாரன்டீன் என்னும் அந்த ஒதுக்கிடம் இயல்பாக 256 எம்பிதான். நிமிடத்துக்கு நிமிடம் நூற்றுக்கணக்கான எம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் சர்வரில் ஒரு துண்டு அங்கே ஒன்றிரண்டு நிமிடம்தான் தங்கும், அப்புறம் வேறு ஒருவருக்குச் சட்டப்படியான மெமரியாகப் போய்விடும். அரைமணி நேரம் கழித்துப் பழைய பாயிண்டரைத் தொடும் கோடு அப்போது பிடிபடவே படாது. டெஸ்ட் மெஷினில் ராம் இருக்கிற அளவுக்கு 'க்வாரன்டீன்_சைஸ்_எம்பி'யை உயர்த்துங்கள், 4,000, 8,000 என்று தாராளமாக வையுங்கள். பல நாளுக்கு ஒருமுறை மட்டும் வரும் கிராஷ் என்றால் நான் முதலில் தொடும் ஆப்ஷன் இதுதான்.

இன்னொன்று, வேகத்துக்காக நீங்களே எழுதி வைத்திருக்கும் மெமரி பூல். பழைய சி++ சர்வர்களில் பெரும்பாலும் இது இருக்கும். பூல் ஒரே ஒரு பெரிய துண்டை மாலக் செய்து, உள்ளுக்குள் பங்கு போட்டுக் கொடுக்கிறது. ஏசான் கண்ணுக்கு அது முழுவதும் ஒரே துண்டு, உள்ளே ஒருவர் இடத்தில் இன்னொருவர் எழுதினாலும் அதற்குத் தெரியாது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி இப்படித் தனக்கென ஒரு ஃப்ரீ லிஸ்ட் வைத்திருந்ததை, 2014-இல் அதன் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்த நேரத்தில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளக்காரர்கள் கடுமையாகச் சாடினார்கள். மாலக்கின் பாதுகாப்புகள் எதுவும் வேலை செய்ய முடியாமல் அந்த லிஸ்ட் குறுக்கே நின்றது என்பது அவர்கள் புகார். பூலின் பகுதிகளை நச்சுப்படுத்தவும் விடுவிக்கவும் ஏசான் மேக்ரோக்கள் தருகிறது, வால்கிரைண்டிலும் அதற்கு இணையானவை உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த வழி எளியது: ஒரு பில்ட் ஆப்ஷன் வைத்து, அது இருந்தால் பூலின் அலகேட் நேராக மாலக்கையும், ரிலீஸ் நேராக ஃப்ரீயையும் கூப்பிடட்டும். இருபது வரி மாற்றம்கூட இருக்காது. பல மாதமாகப் பிடிபடாத பிழை இந்த மாற்றத்துக்குப் பின் முதல் ஓட்டத்திலேயே அகப்படுவது சகஜம்.

ஏசான் எப்படி ஓட்டினாலும் பிடிக்காதவையும் உண்டு. ஒரு ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் அர்ரே வழிந்து அதே ஸ்ட்ரக்டின் அடுத்த ஃபீல்டில் விழுந்தால் நடுவில் வேலி கிடையாது. இன்டெக்ஸ் வெகுதூரம் போய், வேலியையே தாண்டி இன்னொருவருடைய மெமரிக்குள் குதித்தாலும் பிடிக்காது. துவக்க மதிப்பு கொடுக்காத வேரியபிளை வாசிப்பது அதன் வேலையே இல்லை. இரண்டு த்ரெட் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதும் அதன் வேலை இல்லை. சி++ விதிமீறல்களைப் பிடிக்கும் யூபிசானையும் அதோடு சேர்த்தே போட்டுவிடுங்கள், ஒத்துப்போகும். ஆனால் அது பிழையை எழுதிவிட்டுத் தன்பாட்டில் மேலே ஓடிக்கொண்டே இருக்கும், நிற்க வேண்டுமென்றால் '-எஃப்நோ-சானிடைஸ்-ரெகவர்' கொடுக்க வேண்டும்.

துவக்க மதிப்பு விஷயத்துக்குத்தான் வால்கிரைண்ட். இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் ஏன் வந்தது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது, பழைய மெஷினில் கம்பைல் செய்தால் ஓடுகிறது என்கிறீர்கள். '-மார்ச்=நேட்டிவ்' போட்டிருக்கிறீர்கள், புது மெஷினின் சிபியுவில் ஏவிஎக்ஸ்-512 என்னும் இன்ஸ்ட்ரக்ஷன் தொகுதி இருக்கிறது, கம்பைலர் அதைப் பயன்படுத்தியிருக்கிறது, வால்கிரைண்டுக்கு அந்த இன்ஸ்ட்ரக்ஷன்கள் தெரியாது. அது சாகும்போது எழுதும் பைட் வரிசை 0x62 என்று தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். ஏவிஎக்ஸ்2 அளவோடு நிறுத்தி மறுபடி கட்டுங்கள். ஏசான் போட்ட பைனரியை வால்கிரைண்டுக்குள் ஓட்டாதீர்கள், இரண்டும் ஒரே மாலக்குக்காகச் சண்டை போடும். வால்கிரைண்டுக்கென்று சாதாரண '-ஓ1 -ஜி' பில்ட் ஒன்று தனியாக வேண்டும். இருபது முப்பது மடங்கு மெதுவாகும், எத்தனை த்ரெட் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓடவிடும், அதனால் டைம்அவுட்களை உயர்த்தி, சின்ன லோடில் ஓட்டுங்கள்.

ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு வேறு பிழைகள் ஆயிரத்தைத் தாண்டினால் வால்கிரைண்ட் தானாகவே 'இதற்கு மேல் சொல்ல மாட்டேன்' என்று நிறுத்திக்கொள்ளும், உங்களுக்கு வேண்டியது ஆயிரத்து ஒன்றாவதாக இருக்கலாம். முதலில் வந்ததைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் வாரிசுகள். இன்னொரு குழப்பமும் இங்கே வரும்: துவக்க மதிப்பு இல்லாத பைட்டை நகலெடுப்பதைப் பற்றி வால்கிரைண்ட் ஒன்றும் சொல்லாது. அதை வைத்து ஒரு இஃப் முடிவெடுக்கும்போதோ, அதை ரைட் மாதிரி ஒரு சிஸ்டம் காலுக்குக் கொடுக்கும்போதோதான் சொல்லும். அதனால் எச்சரிக்கை வரும் வரியும் தவறு நடந்த வரியும் வெகுதூரம் தள்ளியிருக்கும். 'ட்ராக்-ஆரிஜின்ஸ்' ஆப்ஷனை எஸ் ஆக்கினால், இன்னும் மெதுவாகும், ஆனால் அந்தப் பைட் பிறந்த மாலக் எது, ஸ்டாக் ஃப்ரேம் எது என்று காட்டிவிடும். அது இல்லாமல் வால்கிரைண்டின் இந்த வகை எச்சரிக்கைகளைத் துரத்துவது வீண் வேலை.

உங்கள் சீனியர் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2006-இல் டெபியன் லினக்ஸில் நடந்தது இதுதான். ஓபன்எஸ்எஸ்எல்லின் ரேண்டம் எண் பகுதியில் துவக்க மதிப்பு இல்லாத மெமரி பயன்படுத்தப்படுகிறது என்று வால்கிரைண்ட் எச்சரித்தது. எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகளைக் கமென்ட் ஆக்கினார்கள். ஒன்று போனதில் பெரிய நஷ்டமில்லை. மற்றது, உண்மையான ரேண்டம் தகவல் எல்லாவற்றையும் உள்ளே கலக்கும் வரி. அது போனபின் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும், அது 32,768-ஐத் தாண்டாது. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் உருவான எஸ்எஸ்எச் சாவிகளை எல்லாம் யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும் நிலை. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை பொய்யில்லை, அதை வாயடைத்த விதம்தான் நாசம் செய்தது. சப்ரஷன் ஃபைல் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் தரப்பு லைப்ரரி ஒன்று தொல்லை தருகிறது என்றால், வால்கிரைண்டையே சப்ரஷன் வரிகளை உருவாக்கித் தரச்சொல்லி, அந்த லைப்ரரியின் அந்த ஃபங்ஷனுக்கு மட்டும், ஸ்டாக்கில் நாலைந்து ஃப்ரேம் குறிப்பிட்டு, ஏன் என்று ஒரு வரி கமென்டோடு எழுதுங்கள். 'ஸ்டில் ரீச்சபிள்' வகை லீக்குகளை (புரோகிராம் முடியும்போதும் பாயிண்டர் கைவசம் இருப்பவற்றை)த் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் எழுதிய கோடில் வரும் எதையும் காரணம் புரியாமல் சப்ரஸ் செய்யாதீர்கள், கருவி சொன்னதற்காக எந்த வரியையும் எடுக்காதீர்கள்.

ஏசானும் வால்கிரைண்டும் நிஜமாகவே சுத்தம் என்று சொல்லி, கிராஷ் மட்டும் தொடர்ந்தால் அடுத்துத் தேட வேண்டியது த்ரெட் மோதல், அதாவது டேட்டா ரேஸ். த்ரெட் சானிடைசர் பில்ட் இன்னொன்று தனியாக வேண்டும், ஏசானோடு சேராது, ஐந்து முதல் பதினைந்து மடங்கு மெதுவாகும். முடிந்தவரை எல்லா லைப்ரரிகளையும் அதோடு கட்டுங்கள், கட்டாத லைப்ரரிக்குள் நடக்கும் லாக் (பூட்டு) எதையும் பார்க்காமல் அது பொய்ப் புகார் சொல்லும். 'இந்த ரேஸ் ஒன்றும் செய்யாது' என்று குழுவில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சி++ விதிப்படி டேட்டா ரேஸ் இருக்கும் புரோகிராமுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை: கிராஷ் புரொடக்ஷனில் மட்டும்தானே வருகிறது என்று ஏசான் பைனரியை அங்கே ஏற்றிவிடாதீர்கள். வேகம், மெமரி ஒரு பக்கம், அந்த ரன்டைம் எதிரிகளைத் தாங்கும்படி எழுதப்பட்டதே இல்லை. புரொடக்ஷனுக்கு ஜிடபிள்யூபி-ஏசான் என்று ஒன்று இருக்கிறது, ஆயிரக்கணக்கான மாலக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்து வேலி போடும், குரோமும் ஆண்ட்ராய்டும் அதைக் கோடிக்கணக்கான பேருடைய மெஷின்களில் ஓட்டுகின்றன. ஒரு சர்வர் மட்டும் இருந்தால் அதற்குள் அகப்பட நாளாகும், பல சர்வர்கள் இருந்தால் முயன்று பாருங்கள்.

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள்: மெயினையும் பிளகின்களையும் சேர்த்து ஏசானில் கட்டி, வைத்த பிழை எல்லா இடத்திலும் பிடிபடுகிறதா என்று பார்ப்பது, பூலை நேராக மாலக்குக்குத் திருப்புவது, க்வாரன்டீனை உயர்த்தி லாக் ஃபைலோடு பழைய லோடை ஓட்டுவது. அகப்பட்டால் அறிக்கையை முழுசாக அனுப்புங்கள், ஸ்டாக் ட்ரேஸ் எல்லாமும், நிழல் மெமரிக் கட்டமும் சேர்த்து. அகப்படாவிட்டால் ஜிசிசி பதிப்பு, கர்னல் பதிப்பு, நீங்கள் கொடுத்த ஆப்ஷன்கள் முழுவதும், எந்தெந்த லைப்ரரி ஏசான் இல்லாமல் உள்ளே இருக்கிறது என்ற பட்டியல், இவற்றோடு எழுதுங்கள். அடுத்து த்ரெட் பக்கம் எங்கே தொடங்குவது என்று பார்ப்போம்.